குப்பிக்குள் இருக்கும் மனிதர் யார்?

நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்குப் பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே வந்து சேரும் குப்பி என் சுண்டுவிரலைவிடச் சிறியது. அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. உள்ளே இருப்பது 10 மைக்ரோகிராம்தான். விலையோ என் மாத உதவித்தொகையில் பாதியைத் தாண்டும். மேலே ஒட்டிய சீட்டின் முதல் வரி சொல்கிறது: மறுசேர்க்கை முறையில் தயாரித்த மனித ஜிஎம்-சிஎஸ்எஃப். கடைசி வரி சொல்கிறது: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது.

முதல் வரியில் ஒரு மனிதர், கடைசி வரியில் ஒரு மனிதர். கடைசி வரி மனிதர் யார் என்பதில் சிக்கல் இல்லை. நீங்கள், நான், ஊசி போட்டுக்கொள்ளக் கை நீட்டும் யாரும். முதல் வரி மனிதர் யார் என்று கேட்டால் உடன் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அது உயிரினத்தின் பெயர், எலியுடையது அல்ல என்று காட்டுவதற்காகப் போட்டது என்பார்கள். அறிவியலாக அது சரியான பதில். ஆனால் உயிரினம் என்பது எங்கோ ஓர் உடலாகத்தான் இருக்க முடியும். அந்த உடலுக்கு ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு வலி இருந்திருக்கும். அவருக்கு நான் ஏதாவது கடன்பட்டிருக்கிறேனா? பட்டிருந்தால் அது என்ன மாதிரிக் கடன்?

சைட்டோகைன் என்ற சொல்லைக் கொரோனா காலத்தில் நாம் எல்லோருமே கேட்டோம். நோயாளியின் உடலில் ‘சைட்டோகைன் புயல்’ அடிக்கிறது என்று தொலைக்காட்சியில் மருத்துவர்கள் சொன்னார்கள். புயல் அடிக்காத நாட்களிலும் அவை உடலில் உண்டு. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்தியாக வேலை செய்யும் சிறு புரதங்கள் அவை. வளர், பெருகு, இங்கே வா, சண்டையை நிறுத்து. ஜிஎம்-சிஎஸ்எஃப் எலும்பு மஜ்ஜையைச் சில வகை வெள்ளை அணுக்களை உண்டாக்கச் சொல்லும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு வேறு வேலை. இரத்தத்திலிருந்து மோனோசைட் செல்களைப் பிரித்து, தட்டில் இட்டு, இந்தப் புரதத்தையும் இன்டர்லூக்கின்-4 என்ற இன்னொன்றையும் சேர்த்தால், ஐந்தாறு நாட்களில் அவை கிளைவிட்டு டென்ட்ரிடிக் செல்களாக மாறும். கிருமியைப் பிடித்து, மற்ற செல்களுக்கு அடையாளம் காட்டிக் கொடுப்பவை அவை. முதன்முதலில் நுண்ணோக்கியில் அந்தக் கிளைகளைப் பார்த்த நாள் மதியம் நான் சாப்பிடவே போகவில்லை.

மறுசேர்க்கை என்பது, மனித மரபணுவின் நகல் ஒன்றை வேறோர் உயிரியின் மரபணுப் பொருளோடு ஒட்டிவிடுவது. நம் குடலில் வாழும் இ.கோலை பாக்டீரியா அந்த வாசகத்தைத் தன்னுடையதாகவே படித்து, 127 அமினோ அமிலங்களைக் கோத்துத் தந்துவிடுகிறது. அதைச் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தி, குப்பியில் அடைத்தால் சரக்கு தயார். எந்த மனித உடலையும் இதற்காக மறுபடி தொட வேண்டியதில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தால்தான் தெரியும். இன்டர்ஃபெரான் 1957-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1970-களில் உலகத்துக்குத் தேவையான இன்டர்ஃபெரானில் பெரும்பகுதி ஹெல்சின்கியில் காரி கான்டெல் என்பவரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஃபின்லாந்து மக்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த இரத்தத்தின் வெள்ளை அணுக்களே மூலப்பொருள். எரித்ரோபொய்ட்டின் என்ற சைட்டோகைனை 1977-இல் யூஜின் கோல்ட்வாசர் தனியாகப் பிரித்தார். சில மில்லிகிராம் கிடைப்பதற்கு ஜப்பானின் குமமோட்டோவில் இரத்தசோகை நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீர் தேவைப்பட்டது. சைட்டோகைன் அல்லாத ஓர் உதாரணமும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நாம் இருக்கிறோம். கோஷே என்ற அரிய பரம்பரை நோய்க்கு 1991-இல் அமெரிக்காவில் ஒரு நொதி மருந்து அனுமதி பெற்றது. அது நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ஒரு நோயாளியின் ஓராண்டு மருந்துக்கு ஏறத்தாழ 20,000 நஞ்சுக்கொடிகள். அதாவது 20,000 பிரசவங்கள். 1994-இல் அதே மருந்து மறுசேர்க்கை முறையில் வந்தது. இப்போது அதை உண்டாக்குவது 1957-இல் ஒரு பெண் சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல் வரிசை.

நஞ்சுக்கொடி என்ற பெயரையே பாருங்கள். பத்து மாதம் குழந்தைக்குச் சோறும் மூச்சும் கொடுத்த உறுப்புக்குத் தமிழில் நஞ்சு என்று பெயர். வெளியே வராமல் தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதால் வந்த பெயராக இருக்கலாம். ஆனால் மாதவிடாய் இரத்தத்திலிருந்து பிரசவத் தீட்டுவரை பெண்ணுடலிலிருந்து வெளியேறும் எல்லாவற்றையும் கழிவு என்று பார்க்கப் பழகிய சமூகத்தில், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை. கழிவு என்று ஒன்றை அறிவித்துவிட்டால் அதை எடுத்துப்போக யாரிடமும் கேட்கவேண்டாம். ‘தூக்கிப் போடுவதுதானே’ என்பதைவிட வசதியான அனுமதிச் சீட்டு கிடையாது.

இனி ஜிஎம்-சிஎஸ்எஃப்புக்கு வருகிறேன். அந்தக் குப்பியின் முதல் வரி மனிதருக்குப் பெயர் உண்டு. ஜான் மூர். அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய்ப் பணியில் இருந்தவர். அரிய வகை இரத்தப் புற்றுநோய் வந்து, 1976-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவரது வீங்கிய மண்ணீரல் அகற்றப்பட்டது. மருத்துவர் டேவிட் கோல்ட். அதன்பின் 1983 வரை சியாட்டிலிலிருந்து பலமுறை அவரை வரச்சொல்லி இரத்தம், தோல், மஜ்ஜை, விந்து என்று மாதிரிகள் எடுத்தார்கள். எல்லாம் சிகிச்சையின் பகுதி என்று மூர் நம்பினார். இதற்கிடையே அவருடைய செல்களிலிருந்து ‘மோ’ என்ற செல் வரிசை உருவாகியிருந்தது. 1984-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தச் செல்கள் சைட்டோகைன்களை மிகையாகச் சுரந்தன. மனித ஜிஎம்-சிஎஸ்எஃப் மரபணுவின் நகலை 1985-இல் ஜெனடிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எடுத்தது அந்தச் செல்களிலிருந்துதான். அந்த நிறுவனத்தோடு மருத்துவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருந்த ஒப்பந்தம், பங்குகள் பற்றியெல்லாம் வழக்கின் பதிவுகளில் இருக்கிறது.

மூர் வழக்குப் போட்டார். 1990-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் ஆராய்ச்சி, பண ஆதாயங்களை நோயாளியிடம் சொல்லாமல் மறைத்தது மருத்துவரின் தவறு. ஆனால் உடலிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள் மேல் மூருக்குச் சொத்துரிமை கிடையாது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று என்னை விடாமல் துரத்துகிறது. இந்தப் புரதங்களின் அமைப்பு எல்லா மனிதர்களிடமும் ஒன்றுதான், அவற்றை உண்டாக்கும் மரபணுவும் ஒன்றுதான், எனவே இதில் மூருக்கே உரியது என்று எதுவும் இல்லை.

உயிரியல் படித்தவளாக இதை நான் மறுக்க முடியாது. எனக்குள்ளும் அதே 127 அமினோ அமிலங்கள்தான். ஆனால் பெண்ணாக இந்த வாதத்தை எங்கோ கேட்டிருக்கிறேன். சோறு எல்லா வீட்டிலும்தான் வேகிறது, அதில் உன் சாமர்த்தியம் என்ன? பிள்ளை எல்லாரும்தான் பெறுகிறார்கள், மாடுகூடக் கன்று போடுகிறது, நீ என்ன பெரிதாகச் செய்துவிட்டாய்? எல்லோரிடமும் இருப்பது, இயற்கையாக நடப்பது, எனவே அது வேலையாகாது. வேலையாகாததால் யாருக்கும் பாக்கி இல்லை. வீட்டுவேலையைக் கணக்கில் வராத வேலையாக்கியதும் இதே படிக்கட்டுதான். இங்கே அது ஓர் ஆணின் மண்ணீரலுக்குப் பொருந்தியிருக்கிறது, அவ்வளவே.

வாசகம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். ஆனால் சியாட்டிலிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன பயணங்கள் பொதுவானவை அல்ல. மேசையில் படுத்து மஜ்ஜைக்கு ஊசி வாங்கியது பொதுவானதல்ல. கேத்தரின் வால்ட்பி, மெலிண்டா கூப்பர் இருவரும் 2014-இல் எழுதிய நூலில் இதற்கு ‘மருத்துவ உழைப்பு’ என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார்கள். வாடகைத்தாய், கருமுட்டை கொடுப்பவர், மருந்துச் சோதனைக்கு உடலைத் தருபவர் எல்லோரையும் கொடையாளிகள் என்று புகழ்ந்துவிட்டு நகராமல் உழைப்பாளிகளாகப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது பெருமளவு சரியாகப் படுகிறது.

சரி, உழைப்பென்றால் கூலி கொடுத்துவிடலாமா? சொத்தென்றால் விற்க உரிமை கொடுத்துவிடலாமா? இந்த இடத்தில் அமெரிக்க வழக்கை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரவேண்டும். சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து எடுத்த ஆய்வு 2002-இல் வெளியானது. அவர்களில் 71 சதவீதம் பெண்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஏன் கணவர் விற்கவில்லை என்று கேட்டபோது, அவர் சம்பாதிப்பவர், அல்லது அவர் உடம்பு சரியில்லாதவர் என்று பல பெண்கள் சொன்னார்கள். கணவன் கட்டாயப்படுத்தியதாகச் சொன்னவர்கள் அபூர்வம். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. யாரும் கையை முறுக்கவில்லை. வீட்டில் எந்த உடலை முதலில் செலவழிக்கலாம் என்பது பேசாமலே முடிவாகியிருந்தது. உடல் சொத்தாகும்போது அந்தச் சொத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

புதுச்சேரியில் உட்கார்ந்து இதை யோசிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1881-இல் வந்த ஓர் ஆணைப்படி, இங்கிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் போகலாம். ரெனோன்சான் என்று அவர்களுக்குப் பெயர். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். அதே சட்டநூலில் 1994-இல் பிரான்ஸ் ஒரு பிரிவைச் சேர்த்தது: மனித உடலும் அதன் பகுதிகளும் அதிலிருந்து கிடைப்பவையும் யாருக்கும் சொத்தாக முடியாது. நல்ல வாக்கியம். அதே ஆண்டுதான் இந்தியாவும் உறுப்பு விற்பனையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஆனால் உடல் சொத்தல்ல என்று இன்று கண்ணியமாகச் சொல்லும் அந்த பிரெஞ்சுச் சட்டநூல், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்று 1938 வரை சொல்லிக்கொண்டிருந்தது. உடலை விற்கக் கூடாது என்பதற்கும் அந்த உடலைப் பற்றி யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. சட்டங்கள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதைக் குடும்பத்துக்கு விட்டுவிடுகின்றன.

மூரிடம் கடைசியிலாவது ஒரு படிவத்தை நீட்டினார்கள். உரிமைகளை விட்டுக்கொடுக்கச் சொன்ன அந்தப் படிவத்தில் ‘விட்டுக்கொடுக்கவில்லை’ என்பதை அவர் வட்டமிட்டார். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அந்தப் படிவமும் வரவில்லை. 1951-இல் எடுத்த அவரது செல்கள் ஹீலா என்ற பெயரில் உலகமெங்கும் வளர்ந்தன. குடும்பத்துக்குத் தெரிந்தது 1973-இல். ஒரு பெருநிறுவனத்தோடு வழக்குச் சமரசமானது 2023-இல். புரதங்களைத் தயாரிக்கப் பயன்படும் எச்இகே-293 என்ற இன்னொரு செல் வரிசை, நெதர்லாந்தின் லைடனில் ஒரு பெண் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. 293 என்பது பரிசோதனை எண். அந்தக் கருவைச் சுமந்த பெண் யார் என்பது ஆய்வேடுகளில் இல்லை. எண் இருக்கிறது, அவள் இல்லை. (செல்களை வளர்க்க நாங்கள் ஊற்றும் சீரம்கூடச் சினைப்பசுவின் கருவிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து வருவது. என் வேலை மேசையில் எத்தனை தாய்கள் என்று சில நாள் எண்ணிப் பார்ப்பேன்.)

‘அவர்கள்’ எடுத்தார்கள் என்று எழுதிவிட்டு ஒதுங்க முடியாது. மூரின் செல் வரிசைக் காப்புரிமையில் கோல்டோடு சேர்ந்து கண்டுபிடிப்பாளராகப் பதிவாகியிருப்பவர் ஷிர்லி குவான் என்ற பெண். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் எடுக்கும் பக்கத்தில்தான் நிற்கிறாள். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

எங்கள் ஆய்வுக்குத் தொப்புள்கொடி இரத்தம் தேவை. பிரசவம் முடிந்து கொடியை வெட்டிய பிறகு நஞ்சுக்கொடிப் பக்கம் தங்கும் இரத்தம். தாய்க்கும் குழந்தைக்கும் வலி இல்லை. ஆனால் இதற்கான ஒப்புதலை வலி வந்தபிறகு கேட்கக் கூடாது. அப்போது எந்தப் பெண்ணும் எதற்கும் சரி என்பாள். ஆகவே முன்கூட்டியே, ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெண்களிடம் போவோம். விழுப்புரம், திண்டிவனம், மரக்காணம், கடலூர் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்கள். கையில் படிவம். அதில் அவர்கள் பெயர் ‘பங்கேற்பாளர்’. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2000-ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வுக்கு ‘உட்படும்’ மனிதர்களைப் பற்றிப் பேசின. 2006-இல் வந்தவை அந்தச் சொல்லை மாற்றிப் பங்கேற்பாளர் என்றன. 2017-இல் வந்தவை, மாதிரியிலிருந்து வணிகப் பொருள் உருவாகக்கூடும் என்றால் அதையும் சொல்லச் சொல்கின்றன. காகிதத்தில் நாம் தூரம் வந்துவிட்டோம்.

காகிதத்துக்கு வெளியே நடப்பது இப்படி. நான் பெண்ணிடம் பேச ஆரம்பித்தால் கணவர் கையை நீட்டிப் படிவத்தை வாங்குவார். “எங்க கையெழுத்துப் போடணும் மேடம்?” அவங்கதான் போடணும் என்றால் ஒரு கணம் புரியாமல் பார்ப்பார். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரிடம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த மாமியார் குறுக்கிட்டார்.

“நஞ்சுலேருந்தா எடுப்ப, பாப்பா?”

“ஆமாம்மா. கொடிய வெட்டினதுக்கு அப்புறம் அதுல தங்குற ரத்தம்.”

“எங்க ஊர்ல அத ஆழமாக் குழி வெட்டிப் பொதைப்போம். நாய் தோண்டிடக் கூடாது. இங்க என்னா பண்ணுவாங்க?”

மஞ்சள் பையில் போட்டு மருத்துவக் கழிவோடு எரிக்க அனுப்புவார்கள் என்று சொன்னேன். விதி அப்படித்தான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாய்க்குக்கூடக் கொடுக்காமல் மண்ணுக்குக் கொடுத்தவர்களிடம் நாம் கழிவு என்ற சொல்லைக் கொண்டுபோயிருக்கிறோம் என்று தோன்றியது. பழைய வழக்கத்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே வீடுகளில்தான் பிரசவித்தவளைத் தீட்டென்று தனியறையில் வைத்தார்கள். “எரிக்கிறதுக்கு நாலு பேருக்கு உதவட்டும், போட்டுக்குடு” என்று மருமகளிடம் சொன்னார் அவர். மருமகள் கையெழுத்துப் போடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “ரிசல்ட்டு எப்ப வரும்க்கா?”

ஏறக்குறைய எல்லாப் பெண்களும் கேட்கும் கேள்வி இது. இரத்தம் கொடுத்தால் ரிசல்ட் வரவேண்டும், அதுதானே முறை? ஆராய்ச்சியில் தனிநபர் முடிவு கிடையாது, பல பேருடையதைச் சேர்த்துத்தான் பார்ப்போம், உங்களுக்கோ குழந்தைக்கோ நேரடிப் பயன் இல்லை என்று படிவத்தில் இருப்பதைச் சொல்வோம். அது உண்மை. ஆனால் அந்தக் கேள்வியில் அவர் கேட்பது சிகிச்சையை மட்டுமல்ல என்று நினைக்கிறேன். பணமும் அவர் கேட்கவில்லை. நான் ஒன்று தருகிறேன், நீ திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று சொல்வாயா?

பத்து மாதம் அவர் சுமந்தது எனக்காக அல்ல; தனக்காக, அல்லது அந்த வீட்டுக்காக. எனவே கூலி என்ற சொல் இங்கே சரியாகப் பொருந்தவில்லை. வால்ட்பி, கூப்பரோடு இந்த இடத்தில் நான் விலகுகிறேன். ஆனால் அந்த உழைப்பின் மிச்சத்தை நான் எடுத்துக்கொள்ளும்போது பதில் சொல்லவேண்டியவளாகிறேன். அமெரிக்க நீதிமன்றம் இந்தப் பதிலை, எடுப்பதற்கு முன் ஒருமுறை சொல்லவேண்டிய தகவலாகச் சுருக்கியது. நம் படிவங்களும் அப்படியே: ஒரு கையெழுத்து, ஒரு நாள், அதோடு முடிந்தது. மறுசேர்க்கைத் தொழில்நுட்பத்தின் ஒழுக்கச் சிக்கலும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. உடலிடம் ஒரே ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு எப்போதும் வாங்கவேண்டியதில்லை. 20,000 நஞ்சுக்கொடிகளிடமிருந்து விடுபட்டது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மறுபடி வாசலுக்குப் போகத் தேவையில்லாதவர்கள், அந்த வாசலில் யார் இருந்தார்கள் என்பதை மறப்பது மிகச் சுலபம்.

எங்கள் படிவத்தில் இப்போது கூடுதலாக ஒரு கட்டம் இருக்கிறது: ஆய்வு பற்றி என்னை மீண்டும் தொடர்புகொள்ளலாம். அதை ‘டிக்’ செய்தவர்களுக்கு, என்ன செய்தோம், என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறோம், போனிலும் சொல்கிறோம். இதற்கு எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. யார் அழைப்பது, போன் நம்பர் மாறியிருந்தால், கணவர் எடுத்தால் என்ன சொல்வது, படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன பயன் என்று நீண்ட பேச்சு. எல்லாமே நியாயமான கேள்விகள். பாதி எண்கள் கிடைக்கத்தான் இல்லை. சில அழைப்புகளைக் கணவர்கள் எடுத்து, என்ன விஷயமானாலும் எங்கிட்ட சொல்லுங்க என்றார்கள். அவரிடம்தான் சொல்ல முடியும் என்று வைத்துவிட்டோம்.

மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கிடைத்தார். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அவருடைய செல்கள் எப்படிக் கிளைவிட்டன என்று சொன்னேன். “இன்னும் வச்சிருக்கீங்களா?” என்றார். இல்லை, ஒரு வாரத்துக்கு மேல் அவை தாங்காது, சோதித்து முடித்ததும் அழித்துவிட்டோம் என்றேன். வேறு யாருக்கும் கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம், “அடுத்த பிரசவத்துக்கும் அங்கதான் வருவேன், மறுபடியும் கேப்பீங்களா?” என்றார்.

“கேப்போம்மா.”

“கேளுங்க. அப்ப யோசிச்சிச் சொல்றேன்.”